31 மீட்டர்

எங்கள் அம்மாவின் பெட்டிக்கடைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் இடையில் 31 மீட்டர் இருக்கிறது. போன மாதம் கொத்தனார் ஒருவரிடம் டேப்பை இரவல் வாங்கி நானே அளந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு முனையை வாசல் கேட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டான். நான் மறுமுனையை இழுத்துக்கொண்டு கடைப் பலகை வரைக்கும் வந்தேன். அம்மா உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு அளக்கிறாய் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

2020-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு விதிமுறை கொண்டுவந்தது. கொழுப்பு, உப்பு, சீனி அதிகமாக உள்ள தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளேயும் விற்கக் கூடாது, வாசலில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் 50 மீட்டருக்குள்ளேயும் விற்கக் கூடாது. அம்மா கடையின் முகப்பில் தொங்கிய சரம் முழுக்க அந்தச் சரக்குதான். காலை எட்டே முக்காலுக்குப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். பெயரெல்லாம் சொல்ல மாட்டார்கள். "அத்தை, அந்தப் பச்சை", "அத்தை, அந்தச் செவப்பு" என்று விரலைக் காட்டுவார்கள். அம்மா திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்.

அந்தக் கடைக்கு 22 வயது. தங்கச்சிமடத்தில் இருந்து வடக்கே கடலுக்கு இறங்குகிற தெருவில் ஓலைக் கொட்டகையாக ஆரம்பித்தது, இப்போது தகரம் போட்டிருக்கிறோம். அப்பா கடலுக்குப் போய்க் கொண்டுவரும் காசு ஒரு வாரம் வரும், இரண்டு வாரம் வராது. கடைக் காசு சில்லறையாக இருந்தாலும் தினமும் வந்தது. என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி, அந்தச் சரத்தில் இருந்து கிழித்துக் கொடுத்த பாக்கெட்டுகளில் வந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "அம்மா, இந்தச் சரத்தையெல்லாம் எடுத்துருங்க, பிள்ளைங்களுக்கு ஆகாது" என்றார். அம்மா அன்றைக்கே எடுத்துச் சாக்கில் கட்டி வைத்தார். பத்து நாள் கழித்துத் திரும்ப மாட்டினார். நான் கேட்டதற்கு, "நான் எடுத்தா முக்குக் கடையில வாங்குதுக. அது உன் கணக்குப்படி அம்பது மீட்டருக்கு அந்தப் பக்கம். பிள்ளைக்கு இன்னும் நாலு எட்டு நடை, எனக்கு அன்னாட வரும்படி போச்சு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, வேறு ஏதாவது விற்கலாமே என்பார்கள். விற்றுப் பார்த்தவர்தான் அம்மா. அவித்த கடலையைக் காலையில் போட்டால் சாயங்காலத்துக்குள் தீர வேண்டும், மறுநாள் பிசுபிசுத்துவிடும். பனங்கிழங்கு தை, மாசியோடு சரி. நுங்கு வருகிற நேரம் பள்ளிக்கூடம் லீவு. பாக்கெட்டுக்கு இந்தக் கவலை ஒன்றும் கிடையாது. மாதக்கணக்கில் தொங்கும். லைன் வண்டிக்காரர் வாரம் ஒரு நாள் வந்து சரத்தை அவரே மாட்டிவிட்டுப் போவார். பணம் அடுத்த வாரம் கொடுத்தால் போதும். எலி கடித்ததை மாற்றிக் கொடுப்பார். கடலைக்காரர் அப்படிக் கடன் தர முடியுமா? அவரே வட்டிக்கு வாங்கி ஓட்டுகிறார். கடன், வண்டி, திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதி எல்லாம் பாக்கெட்டின் பக்கம் நிற்கின்றன. பிள்ளை கையில் இருக்கிற அஞ்சு ரூபாய் எங்கே போகப்போகிறது என்பது, அது பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதற்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது.

நான் டேப்பைத் தூக்கியதற்குக் காரணம் சித்தப்பாவின் கால்.

சித்தப்பா விசைப்படகில் முப்பது வருஷம் தொழிலுக்குப் போனவர். போன மழைக்காலத்தில் கரையில் கயிறு பிடித்து இழுக்கும்போது சிப்பி கிழித்துவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து, சித்தி தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். சீனி வியாதி முற்றினால் கால் நரம்பு மரத்துப்போகும் என்று நாங்கள் அப்புறம் தெரிந்துகொண்டோம். புண் ஆறவில்லை. ஐந்து வாரம் கழித்து ராமநாதபுரத்தில் வைத்து இரண்டு விரலை எடுத்தார்கள். அவருக்குச் சர்க்கரை இருப்பதே அந்த ஐந்து வாரத்தில்தான் தெரிந்தது. முன்னாலேயே தாகம் இருந்திருக்கிறது, அடிக்கடி ஒன்றுக்குப் போயிருக்கிறார். ஆனால் கடலில் வெயிலில் நிற்கிறவனுக்குத் தாகம் எப்படி நோயாகத் தெரியும்? தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டம் இது. தாகம் எங்களுக்குப் பழகிய ஒன்று.

அவரைப் பார்க்க வந்த ஊர்க்காரர் ஒருவர், டீக்கடையில் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு அரசாங்கம் என்ன தம்பி பண்ணும்? அரிசி ஓசி, மாத்திரை ஓசி, பொம்பளைகளுக்கு மாசம் ஆயிரம். கொடுத்துக் கொடுத்தே கெடுத்து வச்சிருக்கு." அவர் கெட்டவர் இல்லை. சித்தப்பாவுக்குச் செலவுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ராத்திரி சித்தப்பாவிடம் சொன்னேன். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தவர், "அவன் சொல்றதுல தப்பு இல்ல தம்பி. யாரும் என் வாயில ஊத்தல. நான்தான் குடிச்சேன்" என்றார்.

என் கோபம் முதலில் ரேஷன் கடை மேல்தான் இருந்தது. ஒரு நாள் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் அதை நேராகவே பார்த்தேன். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில், வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அக்கா வந்து பட்டையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதே நேரம் சித்தி ரேஷன் கடையில் ரேகை வைத்துவிட்டு அரிசி, சீனி, பாமாயிலோடு வந்து இறங்கினார். ஒரே திண்ணையில் சீனியும் சீனிக்கு மாத்திரையும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் மருந்து போடுகிறதே அரசு என்று அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

எழுதுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோபம் அங்கேயே நின்றுவிட்டது.

ரேஷனில் சீனி ஆளுக்கு அரைக் கிலோ, அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய். சித்தப்பா வீட்டில் நாலு பேர். அப்படியென்றால் ஆளுக்கு நாளைக்கு 16, 17 கிராம். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சீனி நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. ரேஷன் சீனி அதற்கும் கீழேதான் நிற்கிறது. பாமாயில் மாதம் ஒரு லிட்டர், நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளைக்கு 8 மில்லி. அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட உறையும் கொழுப்புதான், நல்ல எண்ணெய் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சித்தப்பாவின் விரலை எடுத்தது அந்த ஒரு லிட்டர் இல்லை.

அப்புறம் படகுக் கணக்கு. காலையில் போனால் மறுநாள் காலையில் கரை. ராத்திரி முழுக்கத் தூக்கம் கிடையாது, வலை இழுக்க இழுக்க பால் விடாத வரட்டீ. கிளாஸுக்கு இரண்டு கரண்டி சீனி, அதுவும் தலைதட்டாத கரண்டி. ஒரு நடைக்கு ஆறு கிளாஸ் என்று சித்தப்பாவே சொன்னார். கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தாலும் டீயில் மட்டும் 60 கிராம். கரைக்கு வந்ததும் வெக்கைக்கு ஒரு கலர். அந்த 250 மில்லி பாட்டிலில் மட்டும் 25 கிராமுக்கு மேல். இவ்வளவும் சித்தப்பா குடித்ததுதான். அவர் சொன்னது உண்மை. அவர் சொன்னதை அழித்துவிட்டு, பாவம் ஏழை, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினால் அது அவருக்கு மரியாதை இல்லை.

ஆனால் பொறுப்பு என்றால் தெரிந்து செய்வது. ஐம்பத்திரண்டு வயது வரை அவர் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து யாரும் பார்த்ததில்லை. நாடு முழுவதும் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்றும், 13 கோடிக்கு மேல் அதன் விளிம்பில் இருக்கிறார்கள் என்றும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. அந்தக் கோடிகளில் எத்தனை பேர் ஒரு நாள் விடிந்தபோது ஒன்றாகச் சேர்ந்து வாயைக் கட்ட மறந்தார்கள்? எங்கள் தாத்தா தலைமுறைக்கு மட்டும் என்ன, நாக்கு இல்லையா? வாய் மாறவில்லை. வாய்க்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் மாறியது.

அந்த டீக்கடைப் பேச்சு நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஏழைகளுக்கு உணவு வாங்க அரசு ஒரு அட்டை தருகிறது. அதில் குளிர்பானம் வாங்க விடக் கூடாது என்ற பேச்சு அங்கே வெகுகாலமாக நடக்கிறது. 2010-இல் நியூயார்க் நகரம் அப்படித் தடுக்க அனுமதி கேட்டது, மத்திய வேளாண் துறை மறுத்தது. 2025-இல் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு முதல் அனுமதி கிடைத்தது, பின்னாலேயே வேறு மாநிலங்களும் போயின. எங்கள் வரிப் பணத்தில் ஏன் சோடா என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. சோடா கெடுதல் என்றால் எல்லாருக்கும் கெடுதல். காசு வைத்திருப்பவன் கூடையைத் திறந்து பார்க்காமல், அட்டை வைத்திருப்பவன் கூடையை மட்டும் வரிசையில் நிற்க வைத்து எல்லார் முன்னாலும் திறந்து பார்த்தால் அவன் மானம் என்னாவது?

எங்கள் அப்பத்தா 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் இருந்து கையில் ஒரு பிள்ளையோடு வந்தவர். வந்த புதிதில் கஞ்சிக்கு வரிசையில் நின்றதைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். கஞ்சி மோசம் என்று சொன்னதே இல்லை. ஊற்றுகிற ஆள் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினான் என்பதுதான் அவர் சொன்னது. ரேஷன் அட்டையை வீட்டுப் பத்திரத்தோடு பிளாஸ்டிக் கவரில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். 2011-இல் அரிசி இலவசம் ஆனபோதும் காசு இல்லாமல் வாங்கக் கூசினார், பிறகு பழகினார். பணக்காரர், ஏழை என்று பிரிக்காமல் எல்லாருக்கும் உண்டு என்பதால்தான் இங்கே ரேஷன் வரிசையில் தலை குனிய வேண்டியதில்லை. அதனால் இலவச அரிசி எங்களைக் கெடுத்தது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அரிசி மட்டுமே இருப்பதுதான் குறை. இந்த மாவட்டத்து மேட்டு நிலத்தில் கேப்பையும் கம்பும் குதிரைவாலியும் விளைந்தன, இன்னும் கொஞ்சம் விளைகின்றன. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். அது ராமநாதபுரத்துக்கும் வர வேண்டும். வேண்டாதவர் வாங்க வேண்டாம். வேண்டும் என்பவருக்கு அலமாரியில் இருக்க வேண்டும்.

மீனைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. கடற்கரையில் இருப்பவர்கள் நல்ல மீன் சாப்பிடுவார்கள் என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். இறால், நண்டு, கணவாய் படகு அணைந்த உடனே எடை போட்டு ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். அது எங்கள் சட்டிக்கு வருவது கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான். குப்பையாக வரும் பொடி மீனைச் சங்காயம் என்போம். அது காய்ந்து அரைபட்டு மீன்தூளாகிக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அந்தத் தீவனம் தின்ற கறிக்கோழியை ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிலோ விலைக்கு வாங்குகிறோம். நடுவில் எங்களுக்கு என்று மிஞ்சுவது சூடையும் சாளையும் காரலும். உண்மையில் உடம்புக்கு அதைவிட நல்லது வேறு எதுவும் இல்லை. காரல் ஆணமும் சோறும் இருந்த வீட்டில் பிள்ளைக்கு வேறு சத்து தேட வேண்டியதில்லை.

அதுவும் நின்றுபோகிற காலம் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுக்குத் தடை. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காகத் தடை. அது தேவை, எங்கள் ஆட்களே ஒத்துக்கொள்வார்கள். நாட்டுப்படகு போகும், ஆனால் வருகிற மீன் விலைக்கு நாங்கள் கிட்டே போக முடியாது. வருமானமும் இல்லை. குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் வருகிறது, நாளைக்கு 131 ரூபாய்.

இதே நாட்களில்தான் பள்ளிக்கூடமும் லீவு. ஏப்ரல் கடைசியில் மூடினால் ஜூனில்தான் திறப்பு. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், வாரம் ஐந்து நாள் போடுகிற முட்டையும், 2022-இல் வந்த காலை உணவும் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து நின்றுவிடும். படகு நிற்கும்போதே பிள்ளையின் முட்டையும் நிற்கிறது. மலையிலும் நகரத்திலும் இருக்கும் பிள்ளைக்குக் கோடை லீவு ஒரே ஒரு இழப்பு. கடற்கரைப் பிள்ளைக்கு வீட்டில் மீன், பள்ளியில் முட்டை இரண்டும் ஒரே மாதத்தில் போகின்றன. அம்மா கடையில் பாக்கெட் விற்பனை அதிகமாகிற மாதமும் மேதான். லீவுதானே, பிள்ளைகள் தெருவிலேயே கிடக்கிறார்கள் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அவர்களுக்குப் பசி என்பது எனக்கு இந்த வருஷம்தான் உறைத்தது.

தடைக்காலத்தில் கடற்கரை ஊர்ப் பள்ளிகளில் சத்துணவு மையத்தை மட்டுமாவது திறந்து வைத்து முட்டை போட முடியாதா? சமையல்காரர் ஊரில் இருக்கிறார், அடுப்பு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைக் கேட்பதற்கு எங்களுக்குக் கூச்சம் தேவையில்லை. எங்கள் பங்கைச் செய்யாதவர்கள் இல்லை நாங்கள். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் முதலில் 1,500 ரூபாய் எங்கள் பெண்கள் கட்டுகிறார்கள், அதற்கு மேல்தான் அரசு 3,000 போட்டுத் திருப்பித் தருகிறது. கட்ட முடியாத மாதத்தில் அம்மா கடைக் கல்லாவில் இருந்து சித்திக்கு எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டமே வேண்டாம் என்கிறவர்களிடம் வாலிநோக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். அங்கே தமிழ்நாடு அரசின் உப்பு நிறுவனத்துக்கு உப்பளம் இருக்கிறது. 2006 மே மாதத்தில் இருந்து அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு என்று விற்கக் கூடாது. முன்கழுத்துக் கழலையைத் தடுக்க எந்தத் தாயும் தினமும் விழிப்பாக இருக்க வேண்டியதில்லை, எந்தத் தகப்பனும் நாக்கை அடக்க வேண்டியதில்லை. உப்பு வாங்கினால் போதும். வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கும் அப்படித்தான். 5 சதவீதம் வரை விட்டிருந்ததை 2021-இல் 3 ஆக்கி, 2022-இல் 2 ஆக்கினார்கள். ராமேஸ்வரத்தில் பரோட்டா தின்கிற யாருக்கும் அது தெரிந்திருக்காது. இதயத்துக்குத் தெரியும்.

பிரிட்டனில் 2016-இல் குளிர்பான வரியை அறிவித்துவிட்டு 2018 ஏப்ரலில்தான் வசூலிக்க ஆரம்பித்தார்கள். 100 மில்லிக்கு 5 கிராமோ அதற்கு மேலோ சீனி இருந்தால் வரி, 8 கிராம் ஆனால் இன்னும் கூட. அந்த இரண்டு வருஷத்தில் பல கம்பெனிகள் தாமே சீனியைக் குறைத்துக்கொண்டன. குடிக்கிறவன் மேல் ஒரு சொல் விழவில்லை. நம் வரி அப்படி இல்லை. 2025 செப்டம்பர் 22-இல் இருந்து கேஸ் அடைத்த பானத்துக்கு 40 சதவீதம், சீனி எவ்வளவு போட்டாலும் அதே 40, சீனிக்குப் பதில் வேறு இனிப்பைப் போட்டாலும் 40. அப்படியென்றால் கம்பெனி எதற்குக் குறைக்க வேண்டும்? அதே நாளில் பிஸ்கட்டுக்கு 18-இல் இருந்து 5, மிக்சர், நூடுல்ஸுக்கு 12-இல் இருந்து 5 ஆனது. கேரளம் 2016-இல் பெரிய பிராண்டு கடைகளின் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீதம் போட்டது. அடுத்த வருஷம் ஜிஎஸ்டி வந்ததும் அது போயிற்று. சிலியில் 2016-இல் இருந்து பாக்கெட்டின் முன்பக்கமே கறுப்பு எண்கோணம் அச்சிட்டு, சீனி அதிகம், உப்பு அதிகம் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். இங்கே முன்பக்கக் குறிக்கு 2022-இல் வரைவு வந்தது, 2025-இல் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. அம்மா கடைச் சரத்தில் எல்லாம் இன்னும் பின்பக்கப் பொடி எழுத்துதான். அம்மாவுக்கு அது கண்ணாடி போட்டாலும் தெரியாது. அவர் விற்பது என்ன என்பதை அவருக்கே சொல்லாத பாக்கெட்டுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

இவ்வளவு சட்டம் கேட்கிறவன், தொதல் என்கிற எங்கள் பக்கத்து இனிப்பையும் தடுக்கச் சொல்வாயா என்று கீழக்கரை நண்பன் கேட்டான். அவன் வீட்டுத் தொதல் கிண்டும்போது நான் நின்று பார்த்திருக்கிறேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் பெரிய சட்டியில் கொதிக்க, அகப்பையை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். நிறுத்தினால் அடிப்பிடிக்கும். அவன் பெரியம்மா, அவர் மகள், மருமகள் என்று மாற்றி மாற்றி மணிக்கணக்கில் நின்றார்கள். எண்ணெய் பிரிந்து, கறுத்து, சட்டியை விட்டுத் திரண்டு வரும்போது எல்லார் கையும் ஓய்ந்துபோயிருந்தது. அதை எத்தனை நாளைக்கு ஒரு முறை செய்வார்கள்? அந்த உழைப்பே அதற்கு அளவு. பதநீருக்குப் பருவம் அளவு. நோன்புக் கஞ்சிக்கு மாதம் அளவு. நம் முன்னோர் நாக்கை அடக்கியவர்கள் என்று நான் நம்பவில்லை. அவர்கள் தின்ற இனிப்புக்குள்ளேயே ஒரு அணை இருந்தது. ஐந்து ரூபாய் பாக்கெட்டில் அந்த அணை இல்லை. இல்லாத இடத்தில் யாராவது கட்டித்தான் ஆக வேண்டும். அதை ஏழு வயசுப் பிள்ளை கட்டும் என்று எதிர்பார்ப்பது என்னால் ஆகாது.

அதனால் 50 மீட்டர் விதியை நான் எதிர்க்கவில்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த விதி எங்கள் தகரக் கடைக்கு வந்த வேகத்தில், பாக்கெட்டை அடைக்கிற ஆலைக்கும் போக வேண்டும். அளந்து பார்க்க அம்மா பக்கத்தில் இருக்கிறார், ஆலை தூரத்தில் இருக்கிறது. தண்டம் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் என்றால் அதற்குப் பெயர் சட்டம் இல்லை. கடலை அவித்து விற்கிற கடைக்கு ஒரு சின்னக் கடன், கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து வாரத்துக்கு ஒரு வண்டி, இவ்வளவு இருந்தால் அம்மா அந்தச் சரத்தை யார் சொல்லாமலும் இறக்கி வைப்பார். எனக்குத் தெரியும், ஏனென்றால் பாதியை ஏற்கெனவே இறக்கிவிட்டார்.

சித்தப்பா விரல் போன பிறகு நடந்தது அது. மிச்சச் சரத்தைக் கடைக்குள் பின்பக்கம் மாட்டியிருக்கிறார். முன்னால், பிள்ளைகள் கண் மட்டத்தில், கடலை மிட்டாய் பாட்டில் இரண்டும் அவித்த கடலைச் சட்டியும். சித்தப்பா இப்போது படகுக்குப் போவதில்லை. செருப்பைக் கழற்றாமல் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுக்கிறார். சீனி போடாத டீயை அம்மா நீட்டும்போது முகத்தைச் சுளிக்கிறார், ஆனால் குடிக்கிறார். முதல் இரண்டு வாரம் கடலை மிஞ்சியது, ஆட்டுக்குப் போட்டோம்.

நேற்று மாலை நான் போனபோது சட்டி காலி. சித்தப்பா, "மதினி, மூணரைக்கே தீந்துருச்சு. நாளைக்கு ரெண்டு படி கூடப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண், இரண்டாவது படிக்கும் போல, அஞ்சு ரூபாயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காலிச் சட்டியைப் பார்த்தாள், பிறகு கடைக்குள் பின்னால் தொங்குகிற சரத்தைப் பார்த்தாள். அம்மா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உச்சிப்புளியில கடலை மூட்டை என்ன விலைன்னு நாளைக்குக் கேட்டுட்டு வாடா" என்றார்.